ஆறாவது கேள்வி

“எந்தக் கண்ணாடிம்மா போடறது?” என்று சவப்பெட்டிக்காரர் இரண்டாவது முறையாகக் கேட்டார்.

சாப்பாட்டு மேசையில் மூன்று கண்ணாடிகள் வரிசையாக இருந்தன. அவள் நடுவில் இருந்ததை எடுத்து மஞ்சள் துணியால் வட்ட வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் இருந்திருந்தால், “வட்டமா தேய்க்காத, கீறல் விழும். ஒரே பக்கமா இழு” என்றிருப்பார். அது ஞாபகம் வந்ததும் கை நின்றது. பிறகு ஒரே பக்கமாக இழுத்தாள்.

நாற்பது வருடம் ஊராருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர். தனக்கென்று மூன்று வைத்திருந்தார். தூரத்துக்கு ஒன்று, கறுப்பு பிரேம். படிப்பதற்கு ஒன்று, பாதி நிலா மாதிரி சின்னது. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது போட்டுக்கொள்ள ஒன்று, அதன் உடைந்த காலில் நூல் சுற்றியிருந்தது. ஊருக்கெல்லாம் புது பிரேம், கடைக்காரருக்கு நூல் பிரேமா என்று அவள் கேலி செய்வாள். “நூல் பிரேமுக்கு நான்தான் வாடிக்கையாளர். நான் குறை சொல்ல மாட்டேன்” என்பார்.

நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேட்டார். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “போதும்” என்றார். தண்ணீரைத்தான் சொல்கிறார் என்று அவள் டம்ளரைக் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

“அப்பா தூங்கும்போது கண்ணாடி போட மாட்டாரேம்மா” என்றாள் மகள். காலை ரயிலில் வந்திருந்தாள். இன்னும் பயணத்து உடையிலேயே இருந்தாள்.

“கண்ணாடி இல்லாம அவன் முகத்த யாருக்கு அடையாளம் தெரியும்?” என்று நாத்தனார் கூடத்திலிருந்து சொன்னாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள். தம்பியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், காலையிலிருந்து காப்பிக்குக்கூட எழவில்லை. “போடுங்க. இல்லேன்னா வேற யாரோ மாதிரி இருக்கான்.”

“தூரத்துக்கானதையே போடுங்க” என்று அவள் கறுப்பு பிரேமை நீட்டினாள். “தூரமாத்தானே போறாரு.”

சவப்பெட்டிக்காரர் அதை வாங்கி இரண்டு காதுகளிலும் பக்குவமாக மாட்டிவிட்டார். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து பழைய சட்டையை எடுத்து அவளிடம் தந்தார். அதன் பையில் ஒரு குட்டித் திருப்புளி. கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த ஒரு பென்சில். பையின் அடியில் கறுப்பாக ஒரு புள்ளி. அவருடைய எல்லாச் சட்டைகளிலும் அந்த இடத்தில் அந்தப் புள்ளி உண்டு. முனையை மேலே பார்க்க வைத்துத் தொலையுங்களேன் என்று முப்பத்து நான்கு வருடமாகச் சொல்லியிருக்கிறாள். சோப்புக்குத்தான் செலவானதே தவிர புள்ளி போகவில்லை. இப்போது அவர் உடலில் இருந்தது புதுச் சட்டை. மகள் போன பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பியது. வெள்ளைப் பை, பிரித்த மடிப்புகூட மாறவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சபைச் செயலாளர் வந்திருந்தார்.

சபையில் அவருக்குத் ‘தீர்மானம்’ என்று பெயர். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவதற்குக்கூடத் தீர்மானம் கொண்டுவருபவர் என்பார்கள். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். வெயிலோ மழையோ கக்கத்தில் ஒரு கோப்பு இருக்கும். இன்று கோப்பு இல்லாமல் வந்திருந்தார். பெட்டியருகே நின்று கறுப்பு பிரேமையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

“சிஸ்டர், நாலு மணிக்கு ஆராதனை. கல்லறை இடத்தப் பத்தி நீங்க கவலப்பட வேண்டாம். புது வரிசையில ரெண்டாவது. உங்களுக்கு ஒதுக்கினதுக்குப் பக்கத்துல.”

நாத்தனார் நிமிர்ந்தாள். “அதெப்படி? அவன் உங்க சபையில சேரவே இல்லையே. சேராதவங்கள அங்க வைக்க மாட்டீங்கன்னு இவதான் சொல்லியிருக்கா.”

“சேர்ந்திருக்காரும்மா. படிவம் இருக்கு. பதினெட்டு வருஷமா அங்கத்தினர்.”

“என் தம்பியா?” நாத்தனார் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். “எங்க வீட்டுல எல்லாருக்கும் குழந்தையில ஞானஸ்நானம்னு தலையில தண்ணி ஊத்தினாங்க. அதோட சரி. ஏன்டான்னா, ‘என்னைக் கேட்டுட்டா ஊத்துனாங்க?’ம்பான். அவனா போய்ச் சேர்ந்தான்?”

அவள் மூன்றாவது கண்ணாடியை உறையில் போட்டு மூடினாள். உறை ‘டப்’ என்று சாத்திக்கொண்டது.

“சாயங்காலம் அவரோட பதில்கள வாசிப்பாங்க” என்றார் செயலாளர், அவளை மட்டும் பார்த்து. ஏதோ சொல்ல வந்தவர் போல ஒரு கணம் நின்றார். நாத்தனாரைப் பார்த்துவிட்டு, “சரி, நான் ஆபீஸ்லதான் இருப்பேன்” என்று கிளம்பிவிட்டார்.

அது அந்தச் சபையின் வழக்கம். அங்கத்தினராகச் சேருகிறவர் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் தன் கைப்படப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்தால், அடக்கத்தின்போது அந்தப் பதில்களை அவர் எழுதியபடியே வாசிப்பார்கள். பிரசங்கத்தைவிட அதைக் கேட்கத்தான் ஆட்கள் வருவார்கள். கஞ்சன் என்று பெயரெடுத்த தையல்காரர், ஜெபம் செய்கிறீர்களா என்ற கேள்விக்கு, “செய்கிறேன். கடன் வாங்கியவர்களுக்காகவும்” என்று எழுதியிருந்தது இன்றுவரை பேச்சு.

அந்தப் படிவத்தில் அவள் கணவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியது அவள்.

*

கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அவளை ஸ்கூட்டரில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து விடுவார். விட்டுவிட்டுப் போய்விடுகிறவர் இல்லை. உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். பாட்டுக்கு எழுந்து நிற்பார், பாட மாட்டார். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் வரிசையில் போகும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார். கண்ணாடி மறந்து வந்த கிழவர்கள் பாட்டுப்புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திண்டாடுவதைப் பார்த்து, மூன்றாம் மாதமே ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினான்கு கண்ணாடிகள் கொண்டுவந்து கடைசி பெஞ்சில் வைத்தார். ஒவ்வொன்றின் காலிலும் நூலில் ஒரு சீட்டு, சீட்டில் பவர். அன்றிலிருந்து ஆராதனை தொடங்கும் முன் நாலைந்து பேர் அவரிடம் போய் நிற்பார்கள். “ரெண்டு இருக்கா? ஒன்றரை கொடுங்க.” அங்கே ஒரு சின்னக் கடையே நடந்தது, காசில்லாமல்.

படிவத்தை மட்டும் எழுதவில்லை. கேட்டால், “யோசிச்சிட்டிருக்கேன்” என்பார்.

“எத்தனை வருஷமா யோசிப்பீங்க?”

“ஒருத்தருக்குப் பவர் எழுதவே ஒரு வாரம் எடுத்துக்கறேன். இது அதைவிடப் பெரிசில்லையா?”

அது உண்மைதான். கடையில் புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களின் சீட்டில் அவர் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். படி இறங்கும்போது தரை மேலே வரவில்லை, எழுத்து ஆடவில்லை என்று வந்து சொன்னால்தான் அதன்மேல் பேனாவால் எழுதுவார். அதுவரை பென்சில்தான். அவசரப்படுத்தினால், “கண்ணுக்குப் பழகணும்” என்று ஒரே பதில்.

பதினெட்டு வருடத்துக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் புது வரிசை திறந்தார்கள். இருவரும் அங்கத்தினராக இருந்தால் தம்பதிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம். இல்லையென்றால் ஒருவருக்கு மட்டும். ஒரு மாதக் கெடு. அவள் ஒரு மாதமும் கேட்டாள். அவர் ஒரு மாதமும் யோசித்தார். கடைசி நாளன்று, வேலை பார்த்த மருந்துக்கடையில் மதிய இடைவேளையின்போது, அவள் கவுன்ட்டரில் குனிந்து நின்று ஏழு கேள்விகளுக்கும் பதில் எழுதினாள். ‘ஆம், முழு மனதுடன்.’ ஏழு தடவை. டாக்டர்களின் கிறுக்கலை இருபது வருடம் படித்த கண், யாருடைய கையெழுத்தும் அவளுக்கு வரும். அவருடைய கையெழுத்தை அப்படியே போட்டாள். சாயங்காலம் செயலாளரிடம் கொடுத்தபோது அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோப்பில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு யாரும் அவரிடம் படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவள் மறக்கவில்லை. ஒவ்வொரு திருவிருந்திலும் அவர் முழங்காலை ஒதுக்கி வழிவிடும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்து போவாள்.

இன்று நாலு மணிக்கு அந்த ‘முழு மனதுடன்’ அவர் வாயில் வைக்கப்படும். ஊர் முழுக்க அவரிடம் கண்ணாடி வாங்கியவர்கள் இருப்பார்கள். ஒரு கால் புள்ளி பவர் கூடினாலும் திருப்பி வாங்கிக்கொண்டு புது லென்ஸ் போட்டுத் தந்தவர் அவர். ஒரு பொய்யைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று விடுவதா? சொல்லிவிட்டால், இடம் போய்விடும். ஊராட்சிச் சுடுகாடோ வேறெதோ. அவள் ஒருத்தி புது வரிசையில் தனியாக.

“மலர் வளையம் பார்த்துட்டு வரேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

“நான் வரேன்மா.”

“அத்தைக்கு ஏதாவது குடிக்கக் குடு. நான் வந்துடறேன்.”

*

சபை அலுவலகம் மூன்று தெரு தள்ளி. பாஸ்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ எழுதி அடித்துக்கொண்டிருந்தார். இளைஞர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். செயலாளர் அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். கோப்பு இப்போது கையில் இருந்தது.

அவள் உட்காரவில்லை.

“பாஸ்டர், அந்தப் படிவத்த வாசிக்காதீங்க. அத அவர் எழுதல. நான் எழுதினேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன்.” மூச்சு விட்டாள். “அவர் சேரணும்னு சொல்லவே இல்ல. வேண்டாம்னும் சொல்லல. இடம் போயிடும்னு எனக்குப் பயம். இப்ப இடம் இல்லன்னு சொன்னாலும் சரி. அவர் சொல்லாதத அவர் சொன்னதா வாசிக்க வேண்டாம்.”

பாஸ்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும் சிஸ்டர்” என்றார் செயலாளர்.

“என்ன தெரியும்?”

“அன்னிக்கே தெரியும். ஏழு பதிலும் பேனாவுல இருந்துச்சே. அந்த மனுஷன் யோசிக்காம பேனாவ எடுப்பாரா? என் கண்ணாடிக்கே மூணு தடவை வர வெச்சார்.” கோப்பின் கயிற்றை அவிழ்த்தார். “மறுநாளே கடைக்கு எடுத்துட்டுப் போனேன். விதிப்படி விசாரிக்கணும் இல்லையா. இது உங்க கையெழுத்தான்னு கேட்டேன். பார்த்தார். அந்தச் சின்னக் கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பார்த்தார். சிரிச்சார். என்னுதவிட நல்லா இருக்கே அப்படின்னார்.”

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிச்சிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அவ மதியம் சாப்பிடாம உட்கார்ந்து எழுதியிருப்பான்னார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் காலியா இருந்துச்சு.” செயலாளர் தாளை மேசைமேல் வைத்து, மெல்லத் திருப்பினார். “‘எனக்கும் இடம் இருக்கே’ன்னார்.”

தாளின் பின்பக்கம் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள் போட்டிருந்தன. பொடி எழுத்து. அவளிடம் படிக்கும் கண்ணாடி இல்லை, அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டாள். பென்சில் எழுத்தெல்லாம் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தன. ஆனால் அடியில் ஏழாவது வரி மட்டும் நீல மையில் அழுத்தமாக இருந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. ‘இந்தச் சபையின் சுகதுக்கங்களில் பங்கெடுப்பீர்களா?’ என்ற கேள்விக்கு: ‘ஆம். அந்தப் பெஞ்சு என்னுடையது.’ அதன் கீழே கையெழுத்து. தேதி, அவள் படிவத்தைக் கொடுத்த நாளுக்கு மறுநாள்.

“ஏழாவதுக்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கல” என்றார் செயலாளர். “உடனே பேனா கேட்டார். என் பேனாதான்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொல்லாதீங்கன்னார். அவ நிம்மதியா இருக்கா, இருக்கட்டும்னார்.”

“நிம்மதியாவா! பதினெட்டு வருஷம் நான்...” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு கண் வழியாக வந்தது. பாஸ்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“வருஷா வருஷம் ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை வருவார்” என்றார் செயலாளர். “கண்ணாடி டப்பாவப் பார்க்கறேன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பார்.”

“ஸ்குரூ முடுக்கணும்பார்.”

“அதையும் செய்வார். அப்புறம் இங்க வந்து உட்கார்ந்து இந்தத் தாளை வாங்கிப் படிப்பார். சிலத அழிச்சு எழுதுவார். சிலதுமேல மை போடுவார். நான் பக்கத்துல உட்கார்ந்து கணக்கு பார்ப்பேன். பேசிக்கவே மாட்டோம். வருஷத்துல எனக்கு நல்ல சாயங்காலம் அதுதான் சிஸ்டர்.”

“அப்ப இந்தச் சேர்க்கை...” என்று பாஸ்டர் தயங்கினார். “செல்லும்தானே?”

செயலாளர் நிமிர்ந்தார். பழைய குரல் வந்துவிட்டது. “படிவத்துல கையெழுத்து இருக்கணும்னுதான் விதி. முன்பக்கமா பின்பக்கமான்னு விதியில இல்ல. அன்னிக்கு இருந்த பாஸ்டரும் நானும் தீர்மானமே போட்டிருக்கோம். ஏழாவதுக்கு மை வந்தா ஆள் நம்மாளு. மத்த ஆறும் அவருக்கும் ஆண்டவருக்கும். தீர்மானப் புத்தகத்துல பக்கம் நாற்பத்து மூணு.”

அவள் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஆறாவது எது?” என்று கேட்டாள். அந்த வரி இருந்த இடத்தில் தாள் மற்ற இடங்களைவிட வெளுத்து, மெலிந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். ரப்பர் போட்டுப் போட்டு நார் எழும்பியிருந்தது.

“மரித்தோர் உயிர்த்தெழுதல்” என்றார் பாஸ்டர்.

“பென்சில்ல இருக்கா?”

“பென்சில்லதாம்மா.” அவர் கொஞ்சம் யோசித்தார். “எனக்கும் சில நாள் அது பென்சில்லதான் இருக்கு.”

“பாஸ்டர், அத மைக்ல சொல்லிடாதீங்க” என்றார் செயலாளர்.

“நம்பாம போனவங்கள ஆண்டவர் என்ன பண்ணுவார் பாஸ்டர்? என் நாத்தனார் கேட்பா. நானும் கேட்கறேன்.”

பாஸ்டர் தான் எழுதி அடித்திருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை போலிருந்தது.

“தெரியலம்மா. ஆனா பதினெட்டு வருஷம் ஒரு கேள்விய விடாம திரும்பத் திரும்ப வந்து பார்த்தவர, அந்தக் கேள்வி விட்டிருக்கும்னு எனக்குத் தோணல.”

அவள் எழுந்தாள். “படிச்சுக் காட்டட்டுமா?” என்று செயலாளர் தாளை எடுத்தார்.

“வேண்டாம். சாயங்காலம் எல்லாரோடயும் கேட்டுக்கறேன்.”

*

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். பழம் நறுக்கும் கத்தியை எடுத்துக் கழுவினாள். கழுவுதொட்டியின்மேல் குனிந்து அந்தத் துண்டுப் பென்சிலைச் சீவத் தொடங்கினாள். மரச்சுருள் சின்னச் சின்னதாக விழுந்தது.

மகள் வந்து நின்றாள். “என்னம்மா பண்றீங்க? வளையம் என்னாச்சு?”

“அப்பா சபையில சேர்ந்திருந்தார்டி.”

“அதான் காலையிலயே சொன்னாரே.”

“இல்ல. நெஜமாவே சேர்ந்திருந்தார்.”

மகளுக்குப் புரியவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. ரயிலில் வந்ததிலிருந்து முதல் தடவையாக, தட்டில் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

அவள் முனையை விரலில் குத்திப் பார்த்தாள். பென்சிலை மஞ்சள் துணியில் சுற்றினாள். பாதி நிலாக் கண்ணாடியையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

நாலு மணிக்கு ஆலயம் நிறைந்துவிட்டது. இவ்வளவு பேரை ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்த்ததில்லை. பெரும்பாலானோர் இந்தச் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. பஸ் ஓட்டுநர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், நகைக்கடையில் கல் பதிப்பவர், ஒரு கண் மட்டும் தெரியும் தபால்காரர். எல்லோர் முகத்திலும் அவர் கைபட்ட பிரேம் ஒன்று. நாத்தனார் முன் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சொல்லி வைத்தது போல் அந்த இடம் மட்டும் காலி, பிஸ்கட் டப்பா மட்டும் அங்கே.

பாஸ்டர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “எழுத்து ரொம்பப் பொடி. செயலாளர் வாசிப்பார். அவருக்குத்தான் இந்தக் கையெழுத்துப் பழக்கம்.”

செயலாளர் எழுந்து போய் மைக் முன் நின்றார். சட்டைப்பையைத் தொட்டார். மற்றொரு பையைத் தொட்டார். எதையும் மறக்காத மனிதர், அன்று கண்ணாடியை மறந்து வந்திருந்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, நடுப்பாதை வழியாகக் கடைசி பெஞ்சு வரை நடந்து போனார். டப்பாவைத் திறந்து, சீட்டைப் பார்த்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். காதோரம் நூலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“முதல் கேள்வி. கடவுள் உண்டென்று விசுவாசிக்கிறீர்களா?” அவர் பத்திரம் வாசிக்கும் குரலில் வாசித்தார். “பதில்: ஆம். இது மையில இருக்கு. தேதியும் போட்டிருக்கார்.” தேதியை வாசித்தார்.

அவள் மடியில் கைவிரல்களை எண்ணினாள். பதினொரு வருடம். அவள் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த வாரம். அந்தச் சனிக்கிழமை அவளைத் தனியாக விட்டுவிட்டு, டப்பாக் கண்ணாடிகளுக்கு ஸ்குரூ முடுக்கியே ஆகவேண்டுமா என்று அவள் கோபித்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

“ரெண்டாவது. இயேசுவை ஆண்டவராக ஏற்கிறீர்களா? பதில்: அவரை எனக்குப் பிடிக்கும். இது மை. மீதி போகப் போக. இது பென்சில்.

“மூணாவது. பாவங்களுக்காக மனம் வருந்துகிறீர்களா? பதில்: ஆம். ஒரு அம்மாவுக்கு அவசரப்பட்டுத் தவறான பவர் கொடுத்தேன். அவர் படியில் விழுந்தார். அன்றிலிருந்துதான் பென்சில். மை.”

நாத்தனார் தலையைத் தூக்கினாள். கட்டியிருந்த கைகள் பிரிந்தன. அந்தக் கதை யாருக்கும் தெரியாது.

“நாலாவது. வேதத்தை வாசிக்கிறீர்களா? பதில்: வாசிக்கிறேன். இவ்வளவு முக்கியமான விஷயத்தை இவ்வளவு சின்ன எழுத்தில் அச்சடித்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. மை.”

இப்போது சிரித்தார்கள். தபால்காரர் பெஞ்சில் தட்டினார்.

“அஞ்சாவது. ஜெபம் செய்கிறீர்களா? பதில்: என் மனைவி செய்கிறாள். நான் பக்கத்தில் இருக்கிறேன். இதுமேல மை போட்டு, அப்புறம் பக்கத்துல பென்சில்ல ஒரு வரி: இப்போது கொஞ்சம் நானும்.”

மகளின் கை வந்து அவள் கையைப் பிடித்தது.

செயலாளர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஆறாவது. மரித்தோர் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறீர்களா? இது பென்சில். பல தடவை அழிச்சு எழுதினது. கடைசியா இந்த வருஷம் எழுதினது. பதில்: ஆசை உண்டு. கண்ணுக்கு இன்னும் பழகவில்லை. பழகியதும் வந்து எழுதுகிறேன்.”

ஏழாவதை வாசிக்கும்போது அவர் தாளைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தே சொன்னார்.

பிறகு பாட்டு. எல்லோரும் எழுந்தார்கள். பாடத் தெரியாதவர்களும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குக் குரல் வந்தது. வராது என்று பயந்திருந்தாள், வந்தது. முழுப் பாட்டையும் பாடினாள்.

சவப்பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். “மூடலாமாம்மா?”

“ஒரு நிமிஷம்.”

அவள் கைப்பையைத் திறந்தாள். கறுப்பு பிரேமை இரண்டு காதுகளிலிருந்தும் கழற்றினாள். பாதி நிலாக் கண்ணாடியை மஞ்சள் துணியால் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து, அவர் எப்போதும் வைத்துக்கொள்வது போல மூக்கின் பாதியில் வைத்தாள்.

“படிக்கறதுதானேடி அது?” என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து, மெதுவாக.

“ஆமா அண்ணி.”

பென்சிலை எடுத்தாள். புதுச் சட்டையின் வெள்ளைப் பையை விரலால் விரித்து, முனை கீழே இருக்கும்படி உள்ளே விட்டாள். அது அடியில் போய் நின்றது. துணியின் வழியே, கடுகளவு, கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.